பல்வலிக்கும் பத்து மாதம் காத்திருக்க வேண்டுமா?

தாராவி, ஆண்டாப்ஹில், செம்பூர், முலுண்ட் என்று மும்பையில் தமிழர் வாழும் பகுதி எதுவாக இருந்தாலும் இந்தக் காட்சியைக் காணலாம். கர்ப்பிணிப் பெண் ஒருத்தி கன்னத்தைக் கையால் தாங்கியபடி உட்கார்ந்திருப்பாள். கன்னம் வீங்கியிருக்கும். இரவெல்லாம் உறக்கம் இருந்திருக்காது. சோற்றை மெல்ல முடியாமல் கஞ்சியை ஒரு பக்கமாகக் குடித்துக் கொண்டிருப்பாள். "பல் டாக்டரிடம் போகலாமே" என்று அக்கம்பக்கத்தார் யாராவது சொன்னால், வீட்டுப் பெரியவர்கள் உடனே தடுப்பார்கள். "பிள்ளைத்தாய்ச்சி பல்லில் கை வைக்கக் கூடாது. பிள்ளை பிறக்கட்டும், பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்பார்கள்.

சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அந்தப் பெண்ணின் மீதும், வயிற்றில் வளரும் சிசுவின் மீதும் கொண்ட அக்கறையால்தான் சொல்கிறார்கள். ஆனால் அக்கறையில் பிறந்த அந்தப் பேச்சே தாய்க்கும் சேய்க்கும் தீங்காக முடிகிறது. பிள்ளை பிறக்கும்வரை பல்லைத் தொடாமல் இருப்பதுதான் பத்திரம் என்பது தவறான நம்பிக்கை. தொடவேண்டிய பல்லைத் தொடாமல் விடுவதுதான் ஆபத்து. மருத்துவ உலகம் இதைத் தெளிவாகச் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அது இன்னும் குடியிருப்புகளின் குறுகிய சந்துகளுக்குள் வந்து சேரவில்லை.

அச்சம் எங்கிருந்து வந்தது?

இந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பிரசவம் என்பது மறுபிறப்பு என்று சொல்லி வந்தவர்கள் தமிழர்கள். அந்தக் காலத்தில் கர்ப்பிணிக்கு எதைக் கொடுத்தாலும் ஒன்றுக்குப் பத்துமுறை யோசித்தார்கள். மருத்துவ உலகமும் அடிபட்டுத்தான் பாடம் கற்றது. 1957இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்ற மாத்திரையைக் கருவுற்ற பெண்கள் வாந்திக்காகச் சாப்பிட்டார்கள். ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் ஊனத்துடன் பிறந்தன. 1961இல் அந்த மாத்திரை அங்கே திரும்பப் பெறப்பட்டது. அதன் பிறகு கர்ப்பிணிக்கு மருந்து கொடுக்க டாக்டர்களே தயங்கினார்கள். அந்த எச்சரிக்கை நல்லதே.

இன்னொரு காரணமும் உண்டு. கருவுற்ற பெண்களில் ஒரு பகுதியினருக்கு முதல் மூன்று மாதங்களில் கரு தானாகவே கலைந்துவிடுகிறது. கருவிலேயே அமைந்துவிட்ட குறைதான் இதில் பெரும்பாலும் காரணம். யார் என்ன செய்தாலும் அதைத் தடுக்க முடிந்திருக்காது. ஆனால் அதற்கு முந்தின வாரம் அந்தப் பெண் பல் டாக்டரிடம் போய் வந்திருந்தால் பழி யார் மேல் விழும்? பல் டாக்டர் மேல்தான். "ஊசி போட்டான், கரு கலைந்தது" என்று ஒரு வீட்டில் பேசினால் போதும், அந்தச் சால் முழுவதும் பத்து வருடத்துக்கு அதே பேச்சாக இருக்கும். பனம்பழம் விழக் காக்கை உட்கார்ந்த கதை இதுதான்.

இந்தப் பழிக்கு அஞ்சித்தான் பல் டாக்டர்கள் சிலரும், கர்ப்பிணி என்று தெரிந்ததும், "பிரசவத்துக்குப் பிறகு வாருங்கள்" என்று வாசலோடு அனுப்பி விடுகிறார்கள். டாக்டரே அப்படிச் சொல்லிவிட்டால் மாமியார் சொன்னதில் என்ன தவறு என்றுதான் வீட்டில் கேட்பார்கள். இப்படி அச்சமும் அச்சமும் கைகோத்துக் கொள்ள, இடையில் தவிப்பவள் அந்தப் பெண்தான்.

ஆராய்ச்சி சொல்வது என்ன?

கர்ப்ப காலத்தில் பல் சிகிச்சை செய்தால் குழந்தைக்குத் தீங்கு வருமா என்ற கேள்வி நேரடியாகவே சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் ஈறு நோய் உள்ள 823 கர்ப்பிணிப் பெண்களை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஐந்தாம் மாதத்துக்குள் ஈறுகளை ஆழமாகச் சுத்தம் செய்தார்கள். மறு பிரிவினருக்குப் பிரசவத்துக்குப் பின் செய்தார்கள். 2006இல் வெளியான முடிவின்படி, சிகிச்சை பெற்ற பெண்களுக்குக் குறைப் பிரசவமோ வேறு கேடோ கூடுதலாக ஏற்படவில்லை. அதே பெண்களில் பல் அடைத்துக் கொண்டவர்கள், பல் பிடுங்கிக் கொண்டவர்கள் ஆகியோரின் நிலையையும் ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். அதிலும் கேடு எதுவும் தெரியவில்லை.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஈறு நோய்க்கும் குறைப் பிரசவத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1996இலிருந்தே பேசப்படுகிறது. அதனால் ஈற்றைச் சுத்தம் செய்தால் குறைப் பிரசவம் நின்றுவிடும் என்று சிலர் விளம்பரம் செய்யக்கூடும். மேற்சொன்ன ஆராய்ச்சியில் அப்படிப்பட்ட பலன் தெரியவில்லை. பல் சிகிச்சை குழந்தைக்குக் கேடு செய்யாது. தாயின் வலியையும் நோயையும் தீர்க்கும். அதுவே போதுமான காரணம். தாய்க்கு வலி தீர்வதற்கு வேறு சாக்கு எதற்கு?

2013இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் கல்லூரி தன் உறுப்பினர்களுக்கு வெளியிட்ட அறிக்கையும் இதையே உறுதி செய்தது. பல் பரிசோதனை, பல் எக்ஸ்ரே, மரத்துப்போகும் ஊசி, பல் அடைத்தல், பிடுங்குதல், வேர் சிகிச்சை ஆகியவை கர்ப்ப காலத்தில் பாதுகாப்பானவை என்று அது கூறியது. உடனே செய்ய வேண்டிய சிகிச்சையைத் தள்ளிப் போடக் கூடாது என்றும் சொன்னது.

ஊசியும் எக்ஸ்ரேயும்

வீடுகளில் அதிகம் பயப்படுவது இந்த இரண்டுக்கும்தான்.

பல் டாக்டர் போடும் லிக்னோகைன் ஊசி, பல்லைச் சுற்றியுள்ள இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வது. பெண்ணை மயக்கத்தில் ஆழ்த்துவதல்ல. பிரசவ வார்டிலேயே தையல் போடும்போது இதே மருந்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஊசி இல்லாமல் பல் பிடுங்கும் வேதனையைவிட ஊசி எவ்வளவோ மேல்.

எக்ஸ்ரே என்றதும் வயிற்றில் உள்ள சிசுவுக்குக் கதிர் பட்டுவிடும் என்று அஞ்சுகிறார்கள். பல் எக்ஸ்ரே வயிற்றை நோக்கி எடுப்பதல்ல. ஒரு சில பற்களை மட்டும் குறி வைத்து எடுப்பது. ஒரு சிறு படத்தில் உடலில் படும் கதிர், மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே ஓரிரு நாளில் ஒருவர் மீது படும் கதிரின் அளவுதான். வயிற்றை எட்டுவது அதிலும் மிகச் சொற்பம். ஆகவே தேவைப்பட்டால் எடுக்கலாம். தேவையில்லாமல் எடுப்பது கர்ப்பிணிக்கு மட்டுமல்ல, யாருக்குமே வேண்டாம்.

பல்லை அடைக்கும்போது மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாதரசம் கலந்த வெள்ளி நிற அடைப்பைக் கர்ப்பிணிகளுக்குப் புதிதாக வைப்பதைத் தவிர்க்கும்படி 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் கூறியது. பல் நிறத்திலேயே உள்ள வேறு அடைப்பை வைக்கச் சொல்லிக் கேட்கலாம். ஏற்கெனவே உள்ள பழைய அடைப்பு நன்றாக இருந்தால் அதைத் தோண்டி எடுக்க வேண்டியதில்லை.

ஆபத்து மெடிக்கல் கடையில்தான்

பல் டாக்டரிடம் போகாத பெண், மருந்தே சாப்பிடாமல் இருக்கிறாளா என்றால், இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு வேலையிலிருந்து திரும்பும் கணவன், மனைவி துடிப்பதைக் காணச் சகிக்காமல் முனையிலுள்ள மெடிக்கல் கடைக்கு ஓடுகிறான். "பல்வலிக்கு நல்ல மாத்திரை கொடு" என்கிறான். வலி யாருக்கு, அவள் எத்தனை மாதம் என்று கடைக்காரர் கேட்பதில்லை, இவனும் சொல்வதில்லை. இரண்டு நிறத்தில் நான்கு மாத்திரைகள் ஒரு காகிதத்தில் மடித்து வருகின்றன. பத்திரமான பல் ஊசிக்குப் பயந்த குடும்பம், பெயர் தெரியாத மாத்திரைக்குப் பயப்படவில்லை!

உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பல்வலிக்குக் கடைகளில் சாதாரணமாகக் கொடுக்கப்படும் ஐப்யூபுரூபன், டைக்ளோபினாக் வகை மாத்திரைகளைக் கர்ப்பிணிகள் தாமாகச் சாப்பிடக் கூடாது. இருபதாவது வாரத்துக்குப் பிறகு அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும் என்று 2020 அக்டோபரில் எச்சரிக்கை வெளியானது. கடைசி மாதங்களில் குழந்தையின் இதயத்துக்கு அருகிலுள்ள ஒரு ரத்தக் குழாய் உரிய காலத்துக்கு முன்பே சுருங்கிவிடும் அபாயமும் உண்டு. ரத்த அழுத்தத்துக்காகப் பிரசவ டாக்டரே சிறிய அளவில் ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் அது வேறு விஷயம். அதை நிறுத்தக் கூடாது.

சீழுக்குக் கொடுக்கும் மருந்துகளிலும் வேறுபாடு உண்டு. டெட்ராசைக்ளின், டாக்சிசைக்ளின் ஆகியவற்றைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாது. நான்காம் மாதம் முதற்கொண்டே சிசுவின் பால் பற்கள் கெட்டிப்படத் தொடங்குகின்றன. இந்த மருந்து அந்தப் பற்களில் சேர்ந்து, பிறக்கும் குழந்தையின் பற்களை மஞ்சளாகவோ பழுப்பாகவோ கறைப்படுத்திவிடும். அமாக்சிசிலின் போன்றவை, ஒவ்வாமை இல்லாத பெண்களுக்குப் பாதுகாப்பானவை என்று நெடுங்கால அனுபவத்தில் தெரிந்திருக்கிறது. வலிக்குப் பாராசிட்டமால் போதும். அதையும் டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்கு மட்டும் சாப்பிட வேண்டும்.

இன்னொரு கொடிய கைமருந்தும் இருக்கிறது. பல்வலிக்குப் புகையிலையை ஈற்றில் அடக்கிக் கொள்ளும் பழக்கம் தென்மாவட்டங்களிலிருந்து ரயிலேறி வந்தது. இங்கே மராத்தியப் பெண்களிடமிருந்து மிஸ்ரியும் சேர்ந்து கொண்டது. வறுத்துப் பொடித்த புகையிலைதான் மிஸ்ரி. பல்பொடி போலத் தேய்ப்பதால் அது புகையிலை என்ற எண்ணமே பலருக்கு வருவதில்லை. மும்பையிலேயே 1,217 கர்ப்பிணிப் பெண்களைக் கண்காணித்துச் செய்த ஆராய்ச்சி ஒன்று 2004இல் வெளியாயிற்று. அவர்களில் புகையிலை பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் மிஸ்ரி தேய்ப்பவர்களே. அத்தகைய தாய்மாரின் குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிடச் சராசரியாக 105 கிராம் எடை குறைவாகப் பிறந்தன. இரண்டரைக் கிலோவைத் தொடுவதற்கே திண்டாடும் ஏழை வீட்டுக் குழந்தைக்கு 105 கிராம் என்பது சின்ன இழப்பல்ல.

வலியை அடக்கிக் கொண்டால் என்ன ஆகும்?

பல்லின் வேரில் பிடித்த சீழ் தானாகக் கரைந்து போவதில்லை. வலி சில நாள் அடங்கினாலும் சீழ் உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும். தாடைக்குக் கீழே இறங்கிக் கழுத்தில் பரவினால் வாயைத் திறக்க முடியாது, விழுங்க முடியாது, மூச்சே அடைபடும் நிலை வந்துவிடும். அந்த நிலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, கழுத்தில் கீறி, முழு மயக்கம் கொடுத்துச் சிகிச்சை செய்ய நேரிடலாம். தாயின் உயிரோடு சேய் உயிரும் தராசில் நிற்கும். ஆரம்பத்தில் அரைமணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை இது. பிரசவத்துக்கு நாள் குறிக்கலாம். சீழுக்கு யாராலும் நாள் குறிக்க முடியாது.

அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், வலியில் தூங்காத, சரியாகச் சாப்பிடாத தாயின் வயிற்றில் குழந்தை எப்படித் தேறும்? ஏழாம் மாதத்தில் வளையல் அடுக்கி, ஐந்து வகைச் சாதம் படைத்து, அதில் ஒரு வாய்கூட மெல்ல முடியாத பெண்ணை உட்கார வைத்து நலங்கு வைப்பதில் என்ன மங்கலம் இருக்கிறது?

ஈற்றில் ரத்தம் ஏன்?

கருவுற்ற பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குப் பல் துலக்கும்போது ஈற்றில் ரத்தம் கசிகிறது. கர்ப்ப காலத்தில் உடலில் பெருகும் சுரப்புநீர்களால் ஈறுகள் மெதுவாகி வீங்குகின்றன. பல்லோரத்தில் படியும் அழுக்குக்கு வழக்கத்தைவிட அதிகமாகச் சிவக்கின்றன. இரண்டாம் மாதம் தொடங்கி எட்டாம் மாதம்வரை இது கூடிக்கொண்டே போகும். சிலருக்கு ஈற்றில் சிவப்பாகச் சிறு கட்டி ஒன்று முளைக்கும். அது புற்றுநோயல்ல, பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு வற்றிவிடும். ஆனாலும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

ரத்தம் வருகிறதே என்று பல் துலக்குவதை நிறுத்திவிடும் பெண்கள் பலர். நிறுத்தினால் அழுக்கு மேலும் சேரும், ரத்தமும் மேலும் வரும். மெதுவான பிரஷ்ஷால் காலையும் இரவும் துலக்க வேண்டும். மசக்கையில் வாந்தி எடுத்த உடனே துலக்கக் கூடாது. வயிற்றிலிருந்து வந்த அமிலம் பல்லின் மேற்பூச்சை இளக வைத்திருக்கும். அந்த நேரத்தில் தேய்த்தால் பல் தேயும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிறு கரண்டி ஆப்பசோடாவைக் கரைத்து வாய் கொப்பளித்துவிட்டு, அரைமணி கழித்துத் துலக்கலாம்.

"ஒரு பிள்ளைக்கு ஒரு பல் போகும்" என்பது நெடுநாளைய பேச்சு. குழந்தை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சிவிடுகிறது என்று நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. குழந்தைக்கு வேண்டிய சத்து தாய் உண்ணும் உணவிலிருந்து போகிறது. அது போதாவிட்டால் எலும்பிலிருந்து போகும், பல்லிலிருந்து போகாது. பிள்ளைப்பேற்றுக் காலத்தில் பல் கெடுவதற்குக் காரணம் வாந்தி, அடிக்கடி தின்னும் புளிப்பும் இனிப்பும், துலக்காமை, சிகிச்சைக்குப் போகாமை இவைதான். ஆகவே பல் போவது தலைவிதியல்ல. தடுக்கக்கூடியது.

எப்போது போவது?

வலி, வீக்கம், சீழ், காய்ச்சல் இருந்தால் எந்த மாதமானாலும் உடனே போக வேண்டும். இதற்கு நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டியதில்லை. அவசரமில்லாத வேலைகளுக்கு நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரையிலான காலம் வசதியானது. சிசுவின் உறுப்புகள் உருவாகும் காலம் முடிந்திருக்கும். மசக்கை அடங்கியிருக்கும். வயிறும் நாற்காலியில் சாய முடியாத அளவுக்குப் பெருத்திருக்காது. கடைசி மாதங்களில் மல்லாந்து படுத்தால் பாரம் பெரிய ரத்தக் குழாயை அழுத்தித் தலைசுற்றல் வரும். அப்போது வலப்பக்க இடுப்புக்கு அடியில் சிறு தலையணை வைத்து, இடப்பக்கமாகச் சற்றுச் சாய்ந்து படுத்தால் சரியாகும்.

மும்பைத் தமிழர் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு இயல்பாகவே பொருந்துகிறது. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை நாகர்கோவில் எக்ஸ்பிரசிலோ சென்னை ரயிலிலோ ஏற்றி ஊருக்கு அனுப்புகிறார்கள். திருநெல்வேலி போய்ச் சேர ஒரு நாளுக்கு மேல் ஆகிறது. வழியில் சோலாப்பூரிலோ குண்டக்கல்லிலோ நள்ளிரவில் பல் குடைந்தால் யாரிடம் போவது? ஊருக்குப் போன பிறகும், பக்கத்து டவுனுக்குப் பஸ் பிடித்துப் பல் காட்ட நிறைமாதப் பெண்ணை யார் அழைத்துப் போவது? நான்கு, ஐந்து, ஆறாம் மாதங்கள் அவள் மும்பையில் இருக்கும் மாதங்கள். ஊருக்கு டிக்கெட் முன்பதிவு செய்யும் போதே பல்லையும் காட்டிவிடுவது என்று ஒவ்வொரு குடும்பமும் வைத்துக் கொள்ளலாம்.

எங்கே போவது?

பணம் ஒரு பெரிய தடை என்பதை மறுக்க முடியாது. தனியார் கிளினிக்கில் ஒரு பல்லுக்கு வேர் சிகிச்சை என்றால் சில ஆயிரங்கள் ஆகிவிடும். தோல் பட்டறையிலும் இட்லிக் கடையிலும் உழைப்பவன் அதற்கு எங்கே போவான்? மாதச் சம்பள குமாஸ்தாவுக்கும் அதே கதைதான். கம்பெனி எடுத்துக் கொடுத்த மருத்துவ இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். பல் சிகிச்சைக்குத் தருவது அரிது.

ஆனால் வழி இல்லாமல் இல்லை. மாநகராட்சி நடத்தும் நாயர் பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி மும்பை சென்ட்ரலில் இருக்கிறது. அரசாங்கப் பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்துக்கு அருகே, செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரி வளாகத்தில் இருக்கிறது. சயானிலிருந்து ஏறினால் ரயில் மாறாமலே போய் இறங்கலாம். இரண்டிலும் தனியார் கட்டணத்தில் சிறு பகுதிதான் ஆகும். காத்திருக்க நேரும், இரண்டு மூன்று முறை போகவும் நேரலாம். அதற்காகவும்தான் நான்காம் மாதமே தொடங்க வேண்டும் என்பது.

பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு. 2017 ஜனவரியில் இதற்கான சம்பள வரம்பு 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மாதா மாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்களே தவிர, அந்த அட்டையில் மனைவிக்கும் வைத்தியம் உண்டு, பல்லுக்கும் உண்டு என்பது தெரியாத தொழிலாளர்கள் எத்தனையோ பேர். அட்டையில் மனைவியின் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மத்திய அரசு ஊழியர்களுக்கு சி.ஜி.எச்.எஸ். இருக்கிறது. கர்ப்பிணிப் பெண்களுக்கென்றே 2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவ நிலையங்களில் இலவசப் பரிசோதனை நடக்கிறது.

பாஷை தெரியாதே என்று தயங்கும் பெண்கள் உண்டு. ஊரிலிருந்து கல்யாணமாகி வந்து ஆறு மாதம்கூட ஆகாத பெண்ணுக்கு இந்தி எப்படி வரும்? "மைம் பேட் ஸே ஹூம்" என்றால் கர்ப்பமாக இருக்கிறேன் என்று பொருள். "பாஞ்ச்வா மஹீனா" என்றால் ஐந்தாம் மாதம். "தாந்த் மே தர்த்" என்றால் பல்லில் வலி. இந்த மூன்று சொற்றொடர்களும் கர்ப்பிணிக் கார்டும் கையில் இருந்தால் போதும். ரத்த அழுத்தம், சர்க்கரை, சாப்பிடும் மாத்திரைகள் ஆகியவற்றைக் கார்டைப் பார்த்தே பல் டாக்டர் தெரிந்து கொள்வார். கணவன் ஒரு நாள் அரைச் சம்பளத்தை விட்டுக் கூடப் போனால் இன்னும் நல்லது. அந்த அரைச் சம்பளம் பின்னால் பெரிய செலவை மிச்சப்படுத்தும்.

ஆஸ்பத்திரிகள் செய்ய வேண்டியது

எல்லாக் குறையையும் குடும்பங்களின் தலையில் கட்டிவிட முடியாது. பிரசவத்துக்குப் பெயர் பதியப் போகும் பெண்ணின் எடையைப் பார்க்கிறார்கள். ரத்தத்தையும் சிறுநீரையும் சோதிக்கிறார்கள். வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார்கள். "வாயைத் திற அம்மா" என்று சொல்பவர்தான் இல்லை. பிரசவ டாக்டர், பல் தன் வேலையல்ல என்று நினைக்கிறார். பல் டாக்டர், பிரசவ டாக்டரின் சீட்டு இல்லாமல் தொடமாட்டேன் என்கிறார். சீட்டுக்காகத் திரும்பிப் போனால் அன்று ஓ.பி. நேரம் முடிந்திருக்கும். இரண்டு நாற்காலிகளுக்கும் இடையே அந்தப் பெண் பந்தாக உருட்டப்படுகிறாள்.

இதைச் சரி செய்யக் கோடிகள் தேவையில்லை. பதிவு செய்யும் முதல் நாளிலேயே ஒரு நர்ஸ், டார்ச் விளக்கை அடித்து வாயைப் பார்த்து, சொத்தை, வீக்கம், ரத்தக் கசிவு உண்டா என்று கார்டில் குறிக்கலாம். "பல் சிகிச்சைக்குத் தடையில்லை" என்ற ஒரு வரியைப் பிரசவ டாக்டர் அதே கார்டில் எழுதிக் கையெழுத்திடலாம். பல் பிரிவில் கர்ப்பிணிகளை வரிசையில் முன்னால் விடலாம். ரயிலில் இடம் கொடுக்கிறோமே, ஆஸ்பத்திரி வரிசையில் கொடுத்தால் என்ன?

தமிழ்ச் சங்கங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடக்கட்டும், வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. அத்துடன் ஆண்டுக்கு ஒரு நாள், தமிழ் தெரிந்த ஒரு பல் டாக்டரையும் ஒரு பெண் டாக்டரையும் அழைத்து, மாமியார்களையும் மருமகள்களையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசச் சொல்லலாம். மருமகளுக்கு மட்டும் சொல்லிப் பயனில்லை. வீட்டில் முடிவெடுப்பவர் மாமியார். அவருடைய பயத்தைப் போக்கினால் அவரே மருமகளைக் கையைப் பிடித்து அழைத்துப் போவார். தமிழ்நாட்டிலிருந்து பெண்களைக் கூட்டி வந்து குடிவைத்திருக்கும் ஒரு சமூகம், அவர்களுக்குத் துணையாக நிற்பதற்கு இதைவிட எளிய வழி கிடைக்காது.

தாயின் வாய் சுத்தமாக இருப்பது அவளோடு முடிவதுமில்லை. சொத்தைப் பல்லில் உள்ள கிருமிகள், தாய் வாயில் வைத்துப் பார்த்த கரண்டி வழியாகவே குழந்தையின் வாய்க்குப் போகின்றன. பால் பற்கள் முளைத்ததும் அங்கே குடியேறுகின்றன. இன்று அடைக்காமல் விட்ட பல், இரண்டு வருடம் கழித்துக் குழந்தையின் பல்லில் கறுப்பாக எட்டிப் பார்க்கும்.

ஆகவே கர்ப்பிணி இருக்கும் வீட்டில் செய்யக் கூடியது ஒன்று உண்டு. அடுத்த 9ஆம் தேதி பரிசோதனைக்குப் போகும்போது, வயிற்றைப் பார்க்கும் டாக்டரிடம் வாயையும் ஒருமுறை பார்க்கச் சொல்லலாம். பல் டாக்டரிடம் போகலாமா என்று கேட்டு, அவர் சொல்லும் பதிலைக் கார்டிலேயே எழுதி வாங்கிக் கொள்ளலாம். அந்த ஒரு வரி கையில் இருந்தால், வீட்டில் பெரியவர்களின் பயமும் அடங்கும், பல் டாக்டரின் தயக்கமும் தீரும்.